கடைசிக்கு முந்தைய நாற்காலி

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று எங்கள் கோயிலில், இயேசு செய்ததுபோல, அப்போஸ்தலர்களாக உட்காரும் பன்னிரண்டு பேருக்குச் சாமியார் பாதம் கழுவுவார். கடைசிக்கு முந்தைய நாற்காலி என் கணவர் அருளப்பனுடையது. அவர் இறந்த வருடம், வழக்கப்படி அது எங்கள் ஒரே பிள்ளைக்கு வந்தது. மகனாகப் பிறந்து ரோஸ்லினாக வீடு திரும்பியிருந்தவள், சேலையும் கொலுசுமாகப் போய் அதில் உட்கார்ந்தாள்.

பக்கத்துக் கடைசி நாற்காலியில் என் கொழுந்தன் மிக்கேல்.

"அப்போஸ்தலருக்குக் கொலுசு ஒரு கேடா? எந்திரிடா."

"எங்கப்பா உக்காந்த எடம் சித்தப்பா," என்றாள். எழவில்லை.

பாடகர் குழு பாட்டை நிறுத்திவிட்டது. சாமியார் அவள் முன் மண்டியிட்டார்.

"வலது காலைக் குடும்மா."

அந்தக் கோயிலில் அதுவரை யாரும் அவளை அப்படி அழைத்ததில்லை. கொலுசை மேலே ஒதுக்கிக் கழுவினார். நான் கொண்டுபோயிருந்த அருளப்பனின் துண்டால் துடைத்து, பாதத்தை முத்தமிட்டார். பிறகு அதே தண்ணீரோடு மிக்கேல் முன் நகர்ந்தார்.

மிக்கேல் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். சாமியார் மண்டியிட்டபடியே காத்திருந்தார்.

"சும்மா சில்லுன்னுதான் இருக்கு, பயப்படாதீங்க சித்தப்பா," என்றாள் ரோஸ்லின்.

பெண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். ஒரு கால் கழுவுவதுதான் வழக்கம். மிக்கேல் மெதுவாக இரண்டு கால்களையும் நீட்டினார்.