சிவப்புக் கதவு

"அந்தச் சிவப்புக் கதவை மட்டும் தேய்க்காத தம்பி. அப்படியே மேல அடிச்சுடு."

லாசரோ முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினான். "என்னங்கய்யா சொல்றீங்க? உப்புத்தாள் போட்டுத் தேய்க்காம லைனர் அடிச்சா ஒட்டவே ஒட்டாதே."

தெற்கு டெக்சாஸில் கருவேல முள் கீறாத வண்டி கிடையாது. பிக்கப் வண்டியின் பின்தொட்டிக்கு அடிக்கும் லைனர் என்ற ரப்பர் பூச்சை வண்டி முழுக்க அடிக்கச் சொல்லி லாசரோவின் பட்டறைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஆனால் தேய்க்காதே என்று சொன்னவர் இந்த வெர்னன் ஒருவர்தான். பக்கத்து மாவட்டத்தில் மாடு வளர்க்கிறவர். ஐம்பதைத் தாண்டிய வயது, அளந்து அளந்து பேச்சு.

வண்டி வெள்ளை. பயணி பக்கக் கதவு மட்டும் சிவப்பு. பழைய இரும்புக் கடையில் வாங்கி மாட்டியதாம். அதில் முள் கீறல்களுக்கு நடுவே யாரோ ஆணியால் ஆழமாகக் கிறுக்கியிருந்தார்கள். எழுத்தா, படமா, ஒன்றும் புரியவில்லை.

"யாருங்கய்யா இந்த வேலையப் பார்த்தது?"

"ஒரு பையன்."

"அவன் கையை உடைக்கணும்!"

வெர்னன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என் சம்சாரம் ஓபல் இருக்காளே, இந்தக் கதவு கண்ணுல பட்டா போதும், அப்படியே திரும்பி வீட்டுக்குள்ள போயிடறா. எங்களுக்கு இருக்கறது இந்த ஒரே வண்டி. மாசக்கணக்கா சர்ச்சுக்கும் வரல, டாக்டர்கிட்டயும் வரல. உடம்பு துரும்பாப் போச்சு. இது மறைஞ்சாத்தான் அவ ஏறுவா."

"மறைச்சுடலாம். அதுக்குத்தான் தேய்க்கணும்கறேன்."

"தேய்க்காம அடிச்சா என்ன ஆகும்?"

"ஒரு வருஷம் ஓடும், மிஞ்சினா ரெண்டு. அப்புறம் வெயில்ல கொப்புளிச்சு, பாளம் பாளமா உரிஞ்சு வந்துடும். பழைய கிறுக்கல் பல்லை இளிச்சுக்கிட்டு நிக்கும்."

"நிக்கட்டும்."

"ஐயா, தேய்க்கறதுக்குத் தனியாக் காசு கேப்பேன்னு பாக்கறீங்களா? சத்தியமா இல்ல."

"காசு இல்ல தம்பி. கதவைத் தேய்க்காத. அவ்வளவுதான்." சாவியை மேசையில் வைத்துவிட்டு நடந்தார்.

லாசரோவுக்கு மனசு கேட்கவில்லை. தொழில் தொடங்கிய புதிதில் அவசரமாக அடித்த ஒரு வண்டியின் பூச்சு, நடுச்சாலையில் உரிந்து காற்றில் பறந்தது. அன்றிலிருந்து பெட்ரோல் பங்கில் அவனைப் பார்த்தால் "பாம்பு வருதுடா, சட்டை உரிக்கிற பாம்பு!" என்பார்கள். அந்தப் பெயரைத் துடைத்தெறிய அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். மறுபடியும் ஒரு வண்டியா? அதுவும் உரிந்து, உடம்பு முடியாத அந்த அம்மா பழையபடி வீட்டுக்குள் முடங்கிவிட்டால்?

'பிடிவாதக்காரர். நாளைக்கு அவரே கும்பிடுவார்' என்று நினைத்துக்கொண்டான்.

வெள்ளைப் பாகம் முழுவதையும் தேய்த்து முடித்தபின் சிவப்புக் கதவுக்கு வந்தான். ஆணிக் கோடு ஆழமாக இருந்ததால் மெஷினை வைத்து அழுத்தினான். பளபளப்பு போய், சிவப்பே போய், தகரம் தெரிந்தது. மிச்சமிருந்த பள்ளங்களில் மக்குப் பசையை அடைத்து வழித்தான். கழுத்து, தோள், சட்டைக் காலர் எல்லாம் சிவப்புத் தூள். இத்தனை ஒழுங்காக ஒரு கதவை அவன் தேய்த்ததே இல்லை. பிறகு வண்டி முழுக்க ஒரே கறுப்பாக அடித்து முடித்தான்.

மறுநாள் மாலை, லாசரோ அதே வேலைச் சட்டையோடு நிற்கும்போது, பக்கத்துப் பண்ணைக்காரரின் காரில் வெர்னன் மனைவியையும் அழைத்து வந்தார். ஓபல் தலைகுனிந்தபடியே நடந்து வந்தார். வண்டிக்கு அருகில் வந்ததும் மெல்ல நிமிர்ந்து பார்த்தார். எந்தக் கதவு சிவப்பாக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சொரசொரவென்ற கறுப்பின்மேல் ஒருமுறை உள்ளங்கையை வைத்தார். பிறகு கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்து, பெல்ட்டையும் போட்டுக்கொண்டார்.

வெர்னனுக்குக் கண் கலங்கிவிட்டது. லாசரோவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. நல்லவேளை, நம் இஷ்டப்படி செய்தோம் என்று தோன்றியது.

வெர்னன் அவனைப் பட்டறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வருஷம் தாங்கும்ல?"

"அந்தக் கவலையே வேணாம் உங்களுக்கு" என்று லாசரோ சிரித்தான்.

"போதும் தம்பி. அதுக்குள்ள அவ தேறிடுவா." அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்களுக்கு ரொம்ப நாள் கழிச்சுப் பொறந்தவன். பேரு கோல்பி. முதல் வகுப்புல சேர்ந்த வாரம், பேர் எழுதக் கத்துக்கிட்ட சந்தோஷத்துல ஆணியை எடுத்துட்டு வந்து அம்மா உக்கார்ற பக்கத்துக் கதவுல எழுதினான். பக்கத்துல அவளையும் வரைஞ்சு வச்சான். அடுத்த மாசமே அவனை ஆத்து வெள்ளம் கொண்டுபோயிடுச்சு. இப்ப அவளால அதைப் பார்க்க முடியல. ஆனா ஒருநாள் 'எங்க அது?'ன்னு கேப்பா. அன்னிக்கு உரிச்சுக் காட்டணும்னுதான் தேய்க்காதன்னு சொன்னேன்."

லாசரோ தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டான்.

"என்னப்பா இது, மேலெல்லாம் ஒரே தூசி!" என்ற வெர்னன், அவன் காலரிலும் தோளிலும் ஒட்டியிருந்த சிவப்புத் தூளைத் தன் கையாலேயே தட்டிவிட்டார்.