வரப்பு வரைக்கும்

இந்தக் காலத்து ஜனங்களுக்குப் புதுசை விற்க வாய் வரும், பழசைச் சரிபண்ணக் கை வராது என்று புலம்பிக்கொண்டே எத்திராசு உத்திரமேரூர் கடைத்தெருவில் வந்தார். கக்கத்தில், மகளுக்கு எப்போதோ பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த லேப்டாப். செத்துப்போன சம்சாரம் சுலோச்சனாவின் ஒரே போட்டோ அதற்குள்தான் இருந்தது.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரி கல்பனா அதைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"உள்ள எல்லாம் அழிஞ்சுபோச்சு, பெரிப்பா. போட்டோ கெடைக்காது. மெமரியும் ரொம்பக் கம்மி. சின்ன சிஸ்டமா ஒண்ணு ஏத்தறேன். படம் கிடம் தாங்காது, ஸ்க்ரீன் வெறும் கறுப்பாத்தான் இருக்கும்."

"நீயே அழிச்சுட்டுக் கதை வுடாத."

ஏற்றி முடித்ததும் திரை விடிந்தது. சேறடித்த கழனி. தூரத்தில் ஒருத்தி முதுகைக் காட்டிக் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தாள்.

"இத நான் போடல. இம்மாம் பெரிய படம் இதுல பூரவே பூராது," என்றாள் கல்பனா.

டீ குடித்துவிட்டுப் பார்த்தபோது நாற்று நடுகிறவள் பாதித் திரைக்கு வந்திருந்தாள். நடவு நடுகிறவர்கள் பின்னால்தான் நகர்வார்கள். அவளுக்கு முன்னே பச்சை நீண்டுகொண்டே போனது. இடது கையால் நட்டாள். சுலோச்சனாவும் இடது கைக்காரிதான்.

"பெரிப்பா, கிட்ட வந்துட்டாங்க. இரு, மொகம் தெரியும்."

"வரப்பு வந்தாத்தான் நிமிருவா," என்றார் எத்திராசு. உடனே முகத்தைச் சுளித்தார். "இடது கையால நடறவ எல்லாம் என் பொண்டாட்டியா? இன்னா பேச்சு இது!"

திரையில் இன்னும் ஒரு கட்டு நாற்றுதான் பாக்கியிருந்தது. கழனியில் இறங்குகிறவர்போல எப்போதோ கழற்றிவிட்டிருந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, லேப்டாப்பை அங்கேயே விட்டுவிட்டு, அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.