அழும் கூடாரம்

“நாய் போனாக்கூட அழுவுதே, என்னய்யா பெட்டி இது?”

எர்மெக் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். பக்கத்து வீட்டு நாய் கூடார வாசலைத் தாண்டியதுதான் தாமதம், உள்ளேயிருந்து “போயிட்டியே, என்னைப் பெத்தவளே!” என்று ஒரு பெண் குரல் கதறத் தொடங்கிவிட்டது. வேலியோரம் தேநீர் கொதிக்கும் சமோவாருக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“வாசலுக்கு ரெண்டு பக்கமும் கருவி வெச்சிருக்கேண்ணே. நடுவுல கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடு. யார் குறுக்க வந்தாலும் கோடு அறும், பாட்டு ஆரம்பிச்சிரும். நாய்க்கும் மனுசனுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது” என்றான் சமத்.

நரீன் நகரத்து நாடகக் கொட்டகையில் சவுண்ட் வேலை பார்ப்பவன் அவன். திரை ஏறினால் குதிரைக் குளம்புச் சத்தம், விளக்கு அணைந்தால் பனிக்காற்று. எல்லாம் முன்பே பதிந்து வைத்தது. சமிக்ஞை கிடைத்ததும் தானாக வரும்.

“கொஞ்சம் மேல தூக்கி மாட்டித் தொலை. மாவட்டத் தலைவர் வர்ற நேரத்துல ஆடு கீடு உள்ள நுழைஞ்சு மானத்தை வாங்கப் போவுது.”

எர்மெக்குக்கு அவன் கவலை. அம்மா புருல்கான் இறந்து இரண்டு நாள் ஆகிறது. நாளை அடக்கம். முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டு, உடலைத் திரைக்குப் பின்னால் கிடத்தியாயிற்று. துக்கம் கேட்க வரும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் உள்ளே வீட்டுப் பெண் ஒப்பாரி வைக்க வேண்டும். மகன் வெளியே தடியூன்றிக் குனிந்து நின்று அழ வேண்டும். உள்ளே சத்தம் இல்லாவிட்டால் ஊர் வாயில் விழ வேண்டியதுதான்.

தங்கை மாஸ்கோவில். லீவு கிடைக்கவில்லையாம். மனைவி நசிரா தலைநகர் பிஷ்கேக்கில் பிறந்து வளர்ந்தவள். “எனக்கு அழுகையே வரல, இதுல பாட்டு வேறயா?” என்று கேட்டுவிட்டாள். அவள் தலையில் துணியைப் போட்டு, திரைக்குப் பின்னால் முதுகைக் காட்டி உட்கார வைத்திருந்தான். அன்று காலை சமத் தானாகவே பெட்டியும் கையுமாக வந்து நின்றபோது அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“யார் குரல்ப்பா இது?” என்று அப்போதே கேட்டான்.

“நீங்களே கேட்டுச் சொல்லுங்களேண்ணே” என்றான் சமத்.

வாடகைக்கு அழுகிறவள் யாராக இருந்தால் தனக்கென்ன என்று எர்மெக் விட்டுவிட்டான்.

முதல் கூட்டம் வந்தது. ஆண்கள் “ஐயோ, தாயே!” என்று கூவிக்கொண்டே வந்து எர்மெக்கைக் கட்டிக்கொண்டார்கள். பெண்கள் வாசலில் கால் வைத்தார்கள். கோடு அறுந்தது. குரல் எழும்பியது. அவர்கள் விரிப்பில் உட்கார்ந்ததும், அதன் அடியில் இருந்த இன்னொரு கருவி அமுங்கி, கதறல் விசும்பலாக இறங்கியது. எர்மெக்குக்கே மெச்சத் தோன்றியது.

அம்மாவின் தோழி கலிபா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“உன் தங்கச்சி வந்துட்டாளாய்யா? சொல்லவே இல்லையே! திரைக்குப் பின்னாடி உட்கார்ந்து என்னமா அழறா! அப்படியே புருல்கான் குரல். எனக்கு உடம்பே சிலுத்துப்போச்சு.”

“ஆமா அத்தை, அவளுக்கு அம்மா குரல்” என்றான் எர்மெக் கூசாமல்.

அடுத்த கூட்டத்திலும் அதையே சொன்னார்கள். அதற்கடுத்த கூட்டத்திலும். எர்மெக்கின் முதுகு நிமிர்ந்துகொண்டே போனது. துக்க வீடு என்பதை நினைத்துக் குனிந்துகொண்டான்.

மதியம் மாவட்டத் தலைவரின் கார் வந்தது. அவர் மனைவி கூடாரத்துக்குள் நுழைந்தாள். இந்த முறை பெட்டி வேறொரு பாட்டை எடுத்தது.

“கரி தீர்ந்து போச்சே, என் தாயே, கணப்பு ஆறிப் போச்சே!
வாசலைப் பார்த்தே, என் தாயே, கண்ணும் பூத்துப் போச்சே!
மகன் வாங்கித் தந்த போனு மணியடிக்காமக் கெடந்துச்சே!”

மாவட்டத் தலைவர் எர்மெக்கை ஏற இறங்கப் பார்த்தார். எர்மெக்குக்குக் காது சூடாகிவிட்டது. சமத்தின் சட்டையைப் பிடித்துக் கூடாரத்தின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

“யார்டா அவ? எங்க வீட்டுல கரி தீர்ந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? என் போனைப் பத்தி எந்த நாய் சொல்லிக் கொடுத்துச்சு? வாங்கற துட்டுக்கு அழாம, என்னையே அசிங்கப்படுத்தறாளா? நிறுத்துடா முதல்ல!”

“அவங்க துட்டு வாங்கலண்ணே.”

“பின்ன?”

சமத் சட்டையை மெதுவாக விடுவித்துக்கொண்டான்.

“போன வருசம் பனி விழறதுக்கு முன்னாடி கொட்டகைக்கு வந்தாங்க. ‘எனக்கு அழ ஆள் இருக்காது தம்பி, மக பாடற மாதிரி நானே பாடி வெச்சுட்டுப் போறேன்’னு சொன்னாங்க. உள்ள அழறது உங்க அம்மாதாண்ணே.”

எர்மெக் கூடாரத்தின் பக்கம் திரும்பினான். உள்ளே யாரோ விரிப்பில் உட்கார, குரல் விசும்பலாக இறங்கியது.

“‘எம் பையன் இது என் குரல்னு கண்டுபிடிச்சிட்டா, அந்த நிமிசமே நிறுத்திடு, அதுக்கு மேல அழ வேணாம்’னாங்க” என்றான் சமத். “காலையிலேர்ந்து சுவிட்சு மேல கையை வெச்சுக்கிட்டு உங்க முகத்தையேதான் பார்த்துட்டிருக்கேன்.”