நான்கு சப்பாத்தி

பதினொன்றரை மணிக்குள் ஆனந்தன் மூன்றாவது முறையாக எழுந்து போனான்.

உலகநாதன் மேஜை நாட்காட்டியைத் திருப்பி, பின்பக்கத்தில் இன்னொரு கோடு போட்டார்.

மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டிய அந்த ரிசார்ட்டின் ஸ்டோர் ரூமில் அவருக்கு இது இருபத்திரண்டாவது வருடம். ஆனந்தனுக்கு ஏழாவது. அடுத்த மாதம் ஸ்டோர் சூப்பர்வைசர் பதவி காலியாகிறது. அது ஆனந்தனுக்குத்தான் என்று லாண்டரி வரைக்கும் பேச்சு.

ஆனந்தன் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"இன்னா தம்பி, வெளியிலயே கீற?"

"வயிறு பேஜாரு பண்ணுதுண்ணே. கேஸ் மாத்திரை போட்டுகினுதான் கீறேன்."

கேஸாம்! கண் குழி விழுந்திருக்கிறது, கை நடுங்குகிறது. ராத்திரி குடித்தவனுக்கு வேறு எப்படி இருக்கும்?

மதியம் கேன்டீனில் அவருக்கு வயிறு இன்னும் எரிந்தது. எல்லோருக்கும் சோறு. ஆனந்தன் தட்டில் மட்டும் சமையல்கார விஜயகுமாரி நான்கு சப்பாத்தி வைத்தாள்.

"அவனுக்கு மட்டும் இன்னா ஸ்பெஷல்?"

"பாவம்ண்ணே, எப்பிடி இளைச்சிட்டான் பாரு. கோதுமை தெம்பு குடுக்கும்னு நாந்தான் தினமும் போட்டுத் தரேன்."

"எனக்குத் தெம்பு வேணாமா?"

"உனக்கா? வயித்தைப் பாருண்ணே, ஏழு மாசம்!"

கேன்டீனே சிரித்தது. ஆனந்தனும் சிரித்தான். அவன் பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருப்பதை உலகநாதன் அப்போதும் கவனித்தார். இவனுக்கு இளைப்பதுகூட அழகாகத்தான் அமைகிறது.

அன்று சாயங்காலம், செங்கல்பட்டு வீட்டில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

'ஆனந்தன் ஒரு குடிகாரன்.
ஸ்டோரிலிருந்து துண்டுகளைத் திருடி விற்கிறான்.
இவனுக்குப் பதவி கொடுத்தால் ரிசார்ட்டுக்கே அவமானம்.
ஆதாரம் கீழே.'

அதன்கீழ், பையில் எடுத்து வந்திருந்த நாட்காட்டியின் பின்பக்கக் குறிப்புகளைப் பார்த்துத் தேதி தேதியாக எழுதினார்.

'3ஆம் தேதி: நான்கு சப்பாத்தி. பிறகு ஐந்து முறை சீட்டில் இல்லை.
9: பட்டப்பகலில் மேஜைமேல் தலை சாய்த்துத் தூக்கம்.
14: வாய்ப்புண் என்று சொல்லி யாரிடமும் பேசவில்லை.
20: படி ஏறி வந்தவன் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது.'

இரண்டு பக்கம் வந்தது. பெயர் போடவில்லை.

நான் செய்வது தப்பா? தன்னையே கேட்டுக்கொண்டார். பார்த்ததைத்தானே எழுதியிருக்கிறேன்! மேலே உள்ள நான்கு வரிகளை மட்டும் அவர் திரும்பப் படிக்கவில்லை.

மறுநாள் காலை, யாரும் வருமுன் மேனேஜர் ரெஜினா மேடத்தின் அறைக் கதவுக்கு அடியில் கடிதத்தைத் தள்ளினார்.

பத்து மணிக்கு மேடம் ஆனந்தனைக் கூப்பிட்டார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தவன், பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வேலை போய்விட்டது!

மதியம் விஜயகுமாரி உலகநாதன் தட்டில் நான்கு சப்பாத்தி வைத்தாள்.

"அவன்தான் இல்லியே. நீயே துன்னுண்ணே."

ஒன்றுக்குமேல் இறங்கவில்லை.

மூன்று மாதம் கழித்து ஆனந்தன் வந்தான். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. ஒரு கையில் ஆஸ்பத்திரி ஃபைல். இன்னொரு கையில் சூப்பர்வைசர் ஆர்டர்.

"வேலை போச்சுன்னுல்ல நெனச்சேன்!" என்றார் உலகநாதன்.

"மேடம்தான் லீவு குடுத்து டாக்டர்கிட்ட அனுப்புனாங்க. சீலியாக்னு ஒரு நோயாம்ண்ணே. கோதுமை உள்ள போனா என் குடலே புண்ணாவுதாம். சாப்புடுறது எதுவும் ஒடம்புல ஒட்டாதாம். ரத்தமும் அதான் கம்மி. மூணு வருசமா இது தெரியாம கேஸ் மாத்திரை முழுங்கிகினு இருந்துக்கீறேன்."

"சப்பாத்தியாலயா?"

"நம்ப முடியலல்ல? முதல்ல ரத்த டெஸ்ட். அப்புறம் வாய் வழியா டியூப் வுட்டு, குடல்ல துளி சதை எடுத்துப் பாத்தாங்க. டெஸ்ட்டு முடியற வரைக்கும் சப்பாத்தியை நிறுத்தாத, நிறுத்திட்டா நோய் சரியாத் தெரியாதுன்னாரு டாக்டர். இப்ப கோதுமை, ரவை, மைதா ஒண்ணும் கிடையாது. பொண்ணுக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லிக்கீறாரு."

"டாக்டர் எப்பிடிக் கண்டுபுடிச்சாரு?"

ஆனந்தன் ஃபைலைத் திறந்தான். "இதை வெச்சுத்தான் சந்தேகப்பட்டாரு."

உலகநாதன் எட்டிப் பார்த்தார். அவருடைய கடிதம்! ஆனால், மேலே இருந்த நான்கு வரிகளைக் காணோம். கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தது. மீதி அப்படியே இருந்தது. சப்பாத்தி, தூக்கம், வாய்ப்புண், மூச்சு.

மேடம்தான் வெட்டிக் கொடுத்திருக்கிறார். நல்ல மனுஷி. அவருக்கு மூச்சு வந்தது.

"டாக்டர் ஆச்சரியப்பட்டுட்டாருண்ணே. 'யாருப்பா எழுதுனது, உன் ஒய்ஃபா? ஒருநாள் விடாம கவனிச்சிருக்காங்களே'ன்னு கேட்டாரு."

"நீ... இன்னா சொன்ன?"

"எங்க ஸ்டோர்ல ஒரு அண்ணன் கீறாரு, இது அவரு எழுத்துதான்னேன்."

உலகநாதன் மேஜை நாட்காட்டியை நேராக நகர்த்தி வைத்தார்.

ஆனந்தன் சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு காகிதத் துண்டை எடுத்து, அந்த மேஜை நாட்காட்டிக்கு அடியில் செருகினான்.

"மேடம் முழுசாத்தான் குடுத்தாங்க. இந்த நாலு வரியைப் படிச்சா டாக்டர் உங்களைத் தப்பா நெனச்சிடுவாரேன்னு நாந்தாண்ணே வெட்டிட்டேன்."