வெள்ளிக்கிழமைப் பலகை

ஒரு விடுகதை. கழுத்தில் தொங்கும், நகை இல்லை. வாயைத் திறந்தால் வந்து சேரும். இன்னொரு கழுத்து கிடைத்தால்தான் இறங்கும். அது என்ன?

நீங்கள் யோசிப்பதற்குள் கென்யாவில் புங்கோமா பக்கத்துப் பிள்ளைகள் பதில் சொல்லிவிடுவார்கள். பலகை!

பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசிவிட்ட பிள்ளைக்கு மாட்டுகிற மரப்பலகை. அடுத்து யார் பேசி மாட்டிக்கொள்கிறார்களோ அவர்கள் கழுத்துக்குப் போகும். சாயங்கால மணி அடிக்கும்போது யாரிடம் இருக்கிறதோ, அவர் கக்கூஸ் கழுவ வேண்டும்.

நசாம்பு டீச்சரும் சின்ன வயதில் அதைச் சுமந்தவள்தான். அதை ஒழித்துக்கட்டியதும் அவள்தான்.

ஆங்கில ஆசிரியர் சங்கம், சுவாஹிலி ஆசிரியர் சங்கம், அந்த வட்டாரத்துத் தாய்மொழியான புகுசுவின் ஆசிரியர் சங்கம் மூன்றும் வாரத்தில் ஒரு பீரியடுக்காகப் பத்து வருஷம் முறைத்துக்கொண்டு திரிந்தவை. புகுசு சங்கத்தின் செயலாளர் நசாம்பு. மூன்று சங்கத்தையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தாள். "எல்லா மொழியும் வாழட்டும்" என்று கூட்டாகத் தீர்மானம் போட வைத்தாள். வட்டாரத்துப் பலகைகள் எல்லாம் அடுப்புக்குப் போயின.

இரண்டு மாதம் கழித்து, தீர்மானம் எப்படி நடக்கிறது என்று பார்க்க மூன்று சங்கச் செயலாளர்களும் ஒரே காரில் ஒரு பள்ளியில் வந்து இறங்கினார்கள். மற்ற இருவரும் டீயும் மந்தாசிப் பலகாரமும் இருந்த அறைக்குள் போய்விட்டார்கள். நசாம்பு மாமரத்தடியில் அப்படியே நின்றுவிட்டாள்.

மரத்தடி பெஞ்சில் ஒரு சிறுமி. பத்து வயது இருக்கும். பக்கத்தில் அவள் கையைப் பிடித்தபடி ஒன்றாம் வகுப்புத் தங்கை.

பெரியவள் கழுத்தில் பலகை.

நசாம்புவுக்குக் கோபம் வந்தால் ஆங்கிலம்தான் வரும். அதிலேயே பொரிந்து தள்ளினாள்.

"முனியாலோ சார்! வெளிய வாங்க! என்ன அக்கிரமம் இது? எரிச்சாச்சுன்னு எழுதிக் கொடுத்தீங்களே, அது பொய்யா?"

தலைமை ஆசிரியர் முனியாலோ அவசரப்படாமல் வந்தார். புகுசுவில் பதில் சொன்னார்.

"கோபப்படாதீங்க டீச்சர். பழசை அன்னிக்கே எரிச்சாச்சு. அந்த அடுப்புலதான் உகாலிக் களி கிண்டிச் சாப்பிட்டோம். இது புதுசு."

"புதுசா?"

"தீர்மானத்தோட நீங்க அனுப்பின சுற்றறிக்கைப்படிதான். திங்கள், புதன் ஆங்கிலம். செவ்வாய், வியாழன் சுவாஹிலி. வெள்ளிக்கிழமை புகுசு. 'கண்டிப்பாக அமல்படுத்தவும்'னு அடியில கோடு வேற. பலகை இல்லாம எப்படிங்க கண்டிக்கிறது?"

அந்தக் கோட்டைப் போட்டது நசாம்புதான். ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தாள். அது ஞாபகம் வந்ததும் கோபம் இன்னும் ஏறியது.

"இந்தப் பொண்ணு அப்படி என்ன தப்பு பண்ணிட்டா?"

"பேரு செம்தாய். எல்கன் மலையிலேர்ந்து போன மாசம் வந்த குடும்பம், சபாவோட் ஜனங்க. காலையில தங்கச்சி அழுதுகிட்டிருந்தா. 'தண்ணி குடி'ன்னு அவங்க பாஷையில சொல்லிட்டா. இன்னிக்குப் புகுசு நாளாச்சே."

"மலையிலேர்ந்து வந்த பிள்ளைக்குப் புகுசு எப்படி சார் தெரியும்?"

"தெரியாதுதான். அதான் அப்புறம் வாயே திறக்கல."

"எல்லா மொழியும் வாழட்டும்னு நாங்க எழுதினா, நீங்க ஒரு பிள்ளையை ஊமையாக்கி உட்கார வெச்சிருக்கீங்க! வெட்கமா இல்ல?"

"சபாவோட்டுக்கு நீங்க கிழமையே ஒதுக்கலையே டீச்சர். பள்ளிக்கூடம் வாரத்துல அஞ்சு நாள்தானே?"

"சட்டம் பேசாதீங்க. முதல்ல அதைக் கழற்றுங்க!"

"நான் கழற்றக் கூடாது. இந்த நாளுக்கான பாஷையை விட்டு வேற யார் பேசறாங்களோ, அவங்களுக்கு இவதான் மாட்டணும். சின்னவங்க, பெரியவங்க பேதமெல்லாம் கிடையாது. போன வெள்ளிக்கிழமை நானே போன்ல 'குட் மார்னிங்'னுட்டேன். சமையல்காரம்மா வந்து என் கழுத்துல போட்டுட்டுப் போயிட்டா. சாயங்காலம் கக்கூஸ் கழுவினது யாருன்னு நினைக்கறீங்க?"

நசாம்பு சிரிக்கவில்லை.

"இவளுக்கும் வழி இல்லாம இல்ல" என்றார் முனியாலோ. "தங்கச்சியும் 'வேணாம்'னு அவங்க பாஷையிலதான் சொன்னா. அவ கழுத்துல போட்டுட்டா முடிஞ்சுது. நாலு பேர் சொல்லிப் பாத்தாச்சு. கேக்க மாட்டேங்கறா, அவ்வளவு பிடிவாதம். மணி அடிக்கக் கால் மணி நேரம்தான் இருக்கு."

"தங்கச்சி கழுத்துலயா? அந்தப் பொடிசு கக்கூஸ் கழுவணுமா? நீங்கல்லாம் மனுஷங்கதானா?"

நசாம்பு விறுவிறுவென்று பெஞ்சருகே போனாள். சிறுமியின் தோளில் கை வைத்தாள். அதே ஆங்கிலத்தில், முனியாலோவை முறைத்துக்கொண்டே சொன்னாள்.

"பயப்படாத கண்ணு. உனக்கு நடந்திருக்கறது அநியாயம். இந்த அநியாயத்தைப் பண்ணினவங்க யாரோ, அவங்க கழுத்துல கொண்டுபோய் மாட்டு. நான் இருக்கேன். எவன் என்ன கேக்கறான்னு பாத்துடறேன்!"

சிறுமி தங்கையைப் பார்த்தாள். தலைமை ஆசிரியரைப் பார்த்தாள்.

பிறகு பெஞ்சின் மேல் ஏறி, பலகையைக் கழற்றி, நசாம்பு டீச்சரின் கழுத்தில் மாட்டினாள்.