கண்ணாடி துடைக்க ஒரு நிமிஷம்

மொய்னுதீன் பாய் மறுபடியும் நின்றுவிட்டார்.

"சங்கரிமா, கொஞ்சம் நில்லு. கண்ணாடி மங்கிப்போச்சு."

சங்கரி பெரிய மனசு பண்ணி பிரேக் பிடித்தாள். ஞாயிறுதோறும் விடிகாலையில் செங்கல்பட்டிலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை போய்வரும் சைக்கிள் கூட்டம் அது. மற்றவர்கள் எல்லாரும் எப்போதோ கண்ணுக்கு மறைந்திருந்தார்கள். திருக்கழுக்குன்றத்து ஏற்றத்தில் மிச்சம் இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான்.

பாய் கண்ணாடியைக் கழற்றினார். ஊதினார். சட்டை நுனியில் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திருப்தி இல்லாமல் இன்னொரு தடவை துடைத்தார். அதற்குள் சங்கரி பாதி பாட்டில் தண்ணீரைக் குடித்து, மூச்சையும் சரிப்படுத்திக்கொண்டாள்.

பாவம் மனிதர், என்று நினைத்துக்கொண்டாள். பஜாரில் கட்டில் பீரோ கடை. நாள் முழுக்க உட்கார்ந்தே வியாபாரம். காலில் வலு இல்லை, கண்ணும் மக்கர்.

ஆனால் இந்தக் கூட்டத்தில் அவள் நிலைத்ததே பாய் புண்ணியத்தில்தான். சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது என்று டாக்டர் மிரட்டியதால் நாற்பது வயதுக்கு மேல் சைக்கிள் வாங்கியவள். முதல் ஞாயிறன்று எல்லாரும் பறந்துவிட, கடைசி ஆளாக மிதிக்கும்போது அழுகையே வந்துவிட்டது. இன்றோடு சரி, சைக்கிளை விற்றுத் தொலைக்கலாம் என்று முடிவும் கட்டிவிட்டாள். அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் பாயின் குரல் கேட்டது, கண்ணாடி மங்கிவிட்டதாக.

தனக்குப் பின்னாலும் ஒருவர் இருக்கிறார். அந்த நிம்மதியில் அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள்.

கண்ணாடித் தொல்லை அவளுக்கும் இருந்ததுதான். மைனஸ் ஐந்து பவர். வீட்டுக் கண்ணாடி பவர் போதாத பழசு; வேர்வையில் மூக்கு நுனிக்கு வழுக்கும், ஓரத்தில் காற்றும் பூச்சியும் புகுந்து கண்ணைக் கரிக்கும். கண்ணாடிக் கடை ஷாஹிதாவிடம் போய் நின்றாள்.

ஷாஹிதா அவளை மேசையை ஹேண்டில்பார் மாதிரி பிடித்துக் குனியச் சொன்னாள். குனிந்து ஓட்டுகிறவர்கள் கண்ணாடியின் மேல்பக்கமாகத்தான் ரோட்டைப் பார்ப்பார்களாம். மேல் விளிம்பு குறுக்கே வந்தால் போச்சாம். வளைந்த கண்ணாடியிலேயே அவ்வளவு பவரையும் வைத்தால் ஓரத்தில் ரோடு நெளியுமாம். கடைசியில், காற்றை மறிக்க வெளியே வளைந்த கண்ணாடி, உள்ளே பவரோடு மாட்டிக்கொள்ளச் சின்னதாக இன்னொன்று, மூக்கில் வழுக்காத ரப்பர் என்று பொறுக்கிக் கொடுத்தாள்.

அதைப் போட்டுக்கொண்டு சதுரங்கப்பட்டினத்துக் கடலைப் பார்த்த சங்கரி சைக்கிளை விட்டு இறங்கிவிட்டாள். இத்தனை வாரமும் நீலப் பட்டையாகத் தெரிந்த இடத்தில் ஒவ்வோர் அலையும் தனித்தனியாக எழுந்து வந்துகொண்டிருந்தது. தூரத்துப் படகில் வலை இழுக்கிறவரின் தலைத்துண்டு நிறம்கூடத் தெரிந்தது. உலகத்தை யாரோ கழுவிக் காயவைத்த மாதிரி இருந்தது. இத்தனையும் இங்கேயேவா இருந்தது என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

உடனே பாயின் ஞாபகம்தான் வந்தது. இதை எதையும் பார்க்காமல் அந்த மனிதர் துடைத்துக்கொண்டே இருக்கிறாரே.

கண்ணாடிக் கடைக்குக் கூப்பிட்டதற்குப் பாய் என்னென்னவோ சொல்லி மழுப்பினார். பழையதே பழகிவிட்டது என்றார், கடையில் ஆள் இல்லை என்றார். சங்கரி விடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கையோடு கூட்டிவந்து ஷாஹிதா கடையில் உட்காரவைத்து, அவர் கண்ணாடியைக் கிட்டத்தட்டப் பிடுங்கியே கொடுத்தாள்.

"இதுல எவ்ளோ பவர்னு பாரு ஷாஹிதா. என்னுது மாதிரியே பாய்க்கும் ஒண்ணு போட்டுடலாம்."

பாயின் முகம் வெளிறிப்போனது. நல்லவேளையாக அவர் செல்போன் அடித்தது. பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

ஷாஹிதா கண்ணாடியை மிஷினில் வைத்துப் பார்த்தாள். திருப்பி வைத்துப் பார்த்தாள். பிறகு கையில் எடுத்து வாயால் ஊதினாள். கண்ணாடி பளிச்சென்று அப்படியே இருந்தது.

"அக்கா, இதுல பவரே இல்ல. தூசிக்குப் போடற வெறும் கண்ணாடி. மங்காத ஜாதி வேற. ஊதினாகூட மங்கல, பாரு."

"அப்ப… பாயால வேகமா மிதிக்க முடியாதே, அது?"

"யாரு, பாயாலயா? எங்க தெருதான்க்கா அவரு. ஞாயித்துக்கெழம விடியறதுக்கு முன்ன நான் பால் வாங்க வரசொல்லவே மகாபலிபுரம் வரைக்கும் போய்த் திரும்பி வந்துகினு இருப்பாரு. அதுக்கப்புறந்தான் உங்க குரூப்புக்கே வராரு."

சங்கரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

திருக்கழுக்குன்றத்து ஏற்றம். எதிர்காற்று அடிக்கிற கடற்கரை ரோடு. பாய் நின்ற இடங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றும் அவள் கால் இனி முடியாது என்று கெஞ்சிய இடம். அவள் தெம்பாக மிதித்த இடத்தில் ஒரு தடவைகூட அவர் கண்ணாடி மங்கியதில்லை. கடலைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிய மலைப்பு இப்போது வந்தது. பாவம், பாவம் என்று இத்தனை நாள் யாரைச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

"மிஷினு இன்னாமா சொல்லுது?" பாய் வாசலில் நின்றபடியே கேட்டார். மாட்டிக்கொண்டவர் குரல் அது.

ஷாஹிதா வாயைத் திறப்பதற்குள் சங்கரி எழுந்தாள். கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் பதமாகத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஒண்ணும் பண்ண முடியாதாம் பாய். எந்தக் கண்ணாடி போட்டாலும் உங்களுக்கு மங்கத்தான் செய்யுமாம். அப்பப்ப நின்னு துடைச்சுக்கத்தான் வேணுமாம்."

பாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"உனக்குத்தாம்மா பேஜாரு. எனக்காக நீயும் நிக்கணும்."

"பரவால்ல பாய்," என்றாள் சங்கரி. "நிக்கறேன்."