தோடுகள் குடியேறிய இட்லித் தட்டு

இட்லித் தட்டுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆவி ஏறப் போட்ட துளையில் ஒரு கல்தோடு காலை விட்டுக்கொண்டு சொகுசாக உட்கார்ந்திருந்தது.

வீட்டில் இரண்டு பேர்தான் என்று ஆனதும், பூங்கோதை ஒரு தட்டை அடுக்களையில் வைத்துக்கொண்டு, இதை அலமாரிக்குக் கொண்டுவந்து நகைத்தட்டாக்கிவிட்டாள். பைசா செலவில்லை என்று பெருமை வேறு.

"ஏண்டி, எண்ணெய் தடவி மாவு ஊத்தின குழி இது! உனக்குக் கால் நீட்ட இடமா?"

"கோபப்படாதீங்க அக்கா," என்றது தோடு. "நெருப்பு இல்லை, புகை இல்லை. ஓய்வுன்னு நினைச்சுக்குங்க."

"யாருக்கு வேணும் ஓய்வு? தீபாவளிக்குப் பிள்ளைகள் வரட்டும். பதினாலு பேருக்கு அந்த ஒத்தைத் தட்டு எந்த மூலைக்கு? உங்களைக் கொட்டிட்டு என்னைத்தான் தூக்குவா, பாரு!"

தீபாவளியும் வந்தது, பிள்ளைகளும் வந்தார்கள். பூங்கோதை ஓடிவந்து தட்டைத் தூக்கியபோது அதற்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவளோ தோடு, ஜிமிக்கி எல்லாவற்றையும் எடுத்து மருமகள்களுக்கும் பேத்திகளுக்கும் கொடுத்துவிட்டு, தட்டை அலமாரியிலேயே வைத்தாள்.

கூடத்திலிருந்து மூத்தவன் கூப்பிட்டான். "அம்மா, அடுப்புப் பக்கம் போகாதே. ஓட்டல்ல ஐம்பது இட்லி சொல்லியாச்சு."

"ஐம்பதா? ஓட்டல் இட்லியா?" என்று கத்தியது தட்டு. அதைக் கேட்கக் குழிகளில் ஒரு தோடுகூட மிச்சமில்லை.